கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள்: பயண வீடியோ போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண வீடியோ நண்பர்களே,

தூரத்துத் தீவுகளுக்குப் போய், காலையில் கரையில் இருக்கும் விலங்குகளையும் மதியம் கடலில் இறங்கி ஆமையையும் பென்குவினையும் படம்பிடித்துப் போடுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்கள் வீடியோக்களை விடாமல் பார்க்கிற ஆட்களில் நானும் உண்டு. பார்த்துப் பார்த்து ஆசை வந்து, காசு சேர்த்து, கலாபகோஸ் தீவுகள் வரைக்கும் போய்விட்டு வந்தாயிற்று. அதற்கு முதலில் நன்றி. அப்புறம் கொஞ்சம் சண்டை.

சண்டை, நீங்கள் காட்டுகிற தூரத்தைப் பற்றி. கடல் இகுவானா என்கிற பெரிய பல்லியின் மூக்குக்கு நேரே நீட்டிய ஒரு கை, திரை முழுக்க ஆமையின் முகம், கடற்சிங்கக் குட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு செல்ஃபி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் படகில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? நான் போன படகில், முந்தின நாள் இரவு வழிகாட்டி விதிகளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் போனை நீட்டி, "இவர் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, இவரை மட்டும் எப்படி விட்டீர்கள்?" என்று கேட்டார். வழிகாட்டி போனை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், "நாளைக்கு உங்களுக்கும் விலங்குக்கும் நடுவில் இரண்டு மீட்டர்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் முழுக்க அந்த மனிதர், தனக்கு வரவேண்டியதை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார். இப்படி ஒரு இடத்துக்கு இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு, பார்த்த வீடியோவோடு பார்க்கும் காட்சியை ஒப்பிட்டு ஏமாந்துபோவதை என்னவென்று சொல்வது. எல்லாம் உங்களால்தான் என்று சொன்னால் அது அதிகம். ஆனால் பங்கு உண்டு.

அந்த மறுநாள் நாங்கள் இறங்கியது ஃபெர்னாண்டினாவில். தென் அமெரிக்காவின் எக்வடோர் கரையிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவுக்கூட்டத்தில், அதிலும் மேற்கு ஓரத்தில் இருக்கிற தீவு. லா கும்பரே என்ற எரிமலைதான் தீவே. 2024 மார்ச்சில்கூட அது வெடித்து நெருப்புக் குழம்பு வழிந்தது. 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு இருந்தும் நம்மைப் போன்றவர்கள் கால் வைக்க விடுவது புந்தா எஸ்பினோசா என்கிற ஒரு முனையில்தான். அங்கேயும் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது, ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது, காலை 6 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் யாரும் இருக்கக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதை உங்கள் வீடியோக்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஃபெர்னாண்டினாவில் எலி கிடையாது, பூனை கிடையாது, ஆடு கிடையாது. மனிதன் கூட்டிக்கொண்டு போன எந்தப் பாலூட்டியும் அங்கே நிலைகொள்ளவில்லை. இந்த அளவுள்ள தீவில் இது பெரிய அதிசயம். கால்வாய் மாதிரி ஒரு கடலைத் தாண்டினால் எதிரே இசபெலா. அங்கே ஆடுகள் பெருகி ஒரு லட்சத்தைத் தாண்டிப்போய், ராட்சத ஆமைகள் தின்னவேண்டிய செடிகொடிகளையெல்லாம் மொட்டையடித்துவிட்டன. ஹெலிகாப்டரில் பறந்து சுட்டுத்தான் ஒழித்தார்கள், 2006 வரைக்கும் அந்த வேலை நடந்தது. இதனால்தான் ஒவ்வொரு தீவுக்கும் முன்னால் செருப்பைக் கழுவச் சொல்கிறார்கள், பையைத் திறந்து விதை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் காட்சியை நீங்கள் 'விமான நிலையத் தொல்லைகள்' என்று வேகமாக ஓட்டிவிடுகிறீர்கள். 1906-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போய்விட்டது என்று எழுதிவைத்த ஓர் ஆமை இனத்தில் ஒரே ஒரு பெண் ஆமை 2019-ல் ஃபெர்னாண்டினாவில் கிடைத்தது. பழைய மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டு அதே இனம்தான் என்று 2022-ல் உறுதி செய்தார்கள். இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்றே முழுதாகத் தெரியாத இடம் அது.

சரி, இகுவானாவுக்கு வருவோம். இதில்தான் எனக்கு உங்கள் மேல் அதிகக் கோபம்.

புந்தா எஸ்பினோசாவில் பாங்கா என்று அவர்கள் சொல்லும் ரப்பர் படகிலிருந்து இறங்கிச் சில அடி நடந்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். பாறை என்று நினைத்தது பாறை இல்லை. கருத்த எரிமலைப் பாறை முழுக்க அதே கருப்பில் இகுவானாக்கள், கூட்டமான ரயில் பெட்டியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவதைப் போல ஒன்றின் முதுகில் இன்னொன்றின் தாடை, அதன் வாலின் மேல் இன்னொன்றின் கால். நூற்றுக்கணக்கில். எல்லாம் சூரியனைப் பார்த்த வாக்கில். தலை உச்சியில் வெள்ளையாக ஏதோ பூசியிருப்பது போலத் தெரியும், அது உப்பு. கடலுக்குள் பாசி மேயும்போது உள்ளே போகும் உப்பை மூக்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பி பிரித்தெடுக்கிறது, அதைத் 'ப்ஸ்' என்று தும்முகின்றன. தும்மியது காற்றில் திரும்பி வந்து அவற்றின் தலையிலேயே விழுந்து காய்ந்து, தொப்பி போல ஒட்டிக்கொள்கிறது. சும்மா நின்று கேட்டால் அந்த இடம் முழுக்க அந்தச் சத்தம்தான். இங்கே ஒரு ப்ஸ், அங்கே ஒரு ப்ஸ், நடுவில் அலை. பாருங்கள், இத்தனை வீடியோ பார்த்தும் இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எல்லாவற்றிலும் மேலே ஒரு கிடார் இசை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வெயிலில் அவை சும்மா படுத்திருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது அவற்றின் வேலை நேரம். குளிர்ந்த நீரில் இறங்கி மேய்ந்துவிட்டு வரும்போது உடம்புச் சூடு 10 பாகை வரைக்கும்கூட இறங்கிப் போயிருக்கும். பாறையில் படுத்துச் சூடேற்றிக்கொண்டால்தான் தின்ற பாசி செரிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கேமராவோடு குனிந்து குனிந்து நெருங்கி, அது ரெண்டடி நகர்ந்து நிழலுக்குப் போனால், உங்களுக்கு அது ஒன்றுமே இல்லை, 'சமத்தாக வழிவிட்டது' என்று சிரிப்பீர்கள். அதற்குப் பாதிச் சூட்டில் இடம் மாற வேண்டியதாகிறது. ஒருவர் என்றால் பரவாயில்லை. காலையில் ஒரு படகு, அப்புறம் இன்னொரு படகு, நாளைக்கு மறுபடியும்.

இந்த உயிர்கள் எவ்வளவு இழுத்துப்பிடித்துப் பிழைக்கின்றன என்பது எல் நினோ வருடங்களில்தான் தெரியும். கடல் சூடாகி, அவை தின்னும் பாசி செத்துப்போனால் இகுவானாக்கள் உடம்பின் நீளத்தையே குறைத்துக்கொள்கின்றன. இளைப்பதைச் சொல்லவில்லை, எலும்பு உட்பட நீளமே குறைகிறது, 20 சதவீதம் வரைக்கும்கூட. இரை திரும்பினால் மறுபடி வளர்கின்றன. முழுசாக வளர்ந்த, முதுகெலும்புள்ள ஒரு பிராணி சுருங்கி, அப்புறம் வளர்கிறது என்பதை 2000-ல் ஆய்வாளர்கள் எழுதியபோது பலருக்கும் நம்பவே முடியவில்லை. அப்படியும் ஏராளமானவை சாகின்றன.

"ஆனால் அவை ஓடுவதில்லையே, பயமே இல்லையே, நம்மைப் பிடித்திருக்கிறது" என்று நீங்கள் சொல்வீர்கள். ஒரு வீடியோவில் கேட்ட வாசகமே அதுதான்: 'இங்கே மிருகங்கள் நம்மை நண்பர்களாகப் பார்க்கின்றன.' அய்யோ! அவற்றுக்கு நாம் யாரென்றே தெரியாது. பல லட்சம் வருடங்களாக அந்தத் தீவுகளில் பெரிய பாலூட்டி வேட்டைக்காரன் யாரும் இல்லை, ஓடவேண்டிய தேவையே வந்ததில்லை, அதனால் ஓடக் கற்கவில்லை. 1835-ல் அங்கே ஐந்து வாரம் சுற்றிய டார்வின், மரக்கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறார். ஒரு கடல் இகுவானாவைப் பிடித்து, கடல் வற்றியபோது தேங்கி நின்ற ஆழமான குட்டையில் தூக்கிப் போட்டிருக்கிறார், அது நேராகக் கரைக்கு, அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது, மறுபடி போட்டிருக்கிறார், மறுபடி வந்திருக்கிறது. அதற்குக் கடலில் சுறாவைத் தெரியும், கரையில் டார்வினைத் தெரியாது. இதே அறியாமையால்தான் கடற்கொள்ளையர்களும் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களும் வந்த காலத்தில் ராட்சத ஆமைகள் லட்சத்துக்கும் மேல் போயின. ஓடாது, கத்தாது, தீனி தண்ணீர் இல்லாமல் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வேண்டியபோது அறுத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து 'எவ்வளவு நட்பு' என்று அவர்களும் நினைத்திருக்கலாம்.

ஆக, தூரத்தை விலங்கு காப்பாற்றாது. நாம்தான் காப்பாற்ற வேண்டும். பூங்கா நிர்வாகம் 2 மீட்டர் என்று எழுதி வைத்திருப்பது அந்த ஒரு காரணத்துக்குத்தான்.

இதில் இன்னொரு விஷயம், கேமராக்காரர்களான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியது. நீங்கள் தலையிலும் குச்சியிலும் மாட்டிக்கொள்ளும் ஆக்‌ஷன் கேமராக்களின் லென்ஸ் ரொம்ப அகலமானது. இரண்டு மீட்டரில் இருக்கும் இகுவானா அதில் ஏதோ புள்ளி மாதிரித் தெரியும். அதனால் கை தானாக நீளும், குச்சி நீளும், உடம்பு முன்னால் போகும். திரையில் 'ஓரளவு பக்கம்' என்று தெரிவதற்குள் நிஜத்தில் ஒரு முழத்துக்குள் போயிருப்பீர்கள். பார்க்கிறவருக்கு அது தெரியாது, அவர் அதை ஒரு மீட்டர் என்று நினைத்துக்கொள்வார். இதற்குத் தீர்வு சுலபம். கரையில் இருக்கும்போது அந்தக் கேமராவை உள்ளே வையுங்கள். இப்போது வரும் போன்களிலேயே மூன்று மடங்கு, ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்கிறது, இரண்டு மீட்டரிலிருந்து தலையில் இருக்கும் உப்புத் துகளைக்கூட எடுக்கலாம். நான் எடுத்தேன். கேமராவை நீட்டும் குச்சிக்கும் அந்த 2 மீட்டர் பொருந்தும் என்பதுதான் என் கட்சி. நீங்கள் தள்ளி நிற்க, கம்பு போய் அதன் கண்ணுக்கு முன்னால் ஆடுவதில் என்ன அர்த்தம்.

பக்கத்தில் போகாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பீர்கள். நேரம் கொடுத்தால் பார்ப்பார்கள். அந்த முனையின் கோடியில் பறக்காத நீர்க்காகங்களின் கூடுகள் இருக்கின்றன. உலகத்திலேயே ஃபெர்னாண்டினாவிலும் எதிரே இசபெலாவின் கரைகளிலும்தான் இந்தப் பறவை இருக்கிறது. பறக்கத் தேவைப்படும் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இறக்கை, அதுவும் கிழிந்த துணி மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீரிலிருந்து ஏறியதும், மற்ற நீர்க்காகங்கள் செய்வதைப் போலவே அந்தக் குட்டை இறக்கையை விரித்துக் காயவைக்கும். பார்த்தால் சிரிப்பும் வரும், என்னவோ போலவும் இருக்கும். எங்கள் வழிகாட்டி எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லிவிட்டு ஒன்றுமே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கடலிலிருந்து ஏறி வந்தது, வாயில் சிவப்பாக ஒரு கொத்துக் கடற்பாசி, தண்ணீர் சொட்டச் சொட்ட, தத்தித் தத்தி, இகுவானாக்களின் மேலேயே மிதித்துக்கொண்டு. கூட்டில் இருந்த துணை கழுத்தை நீட்டி வாங்கி, சுற்றிலும் பார்த்து, ஏற்கெனவே இருந்த பாசியில் ஒரு இடத்தில் செருகி, திருப்தியில்லாமல் எடுத்து, வேறு இடத்தில் செருகியது. இதுபோதாதா ஒரு வீடியோவுக்கு? இதைப் பக்கத்தில் போனால் எடுக்க முடியாது. பக்கத்தில் போனால் அது பாசியைக் கொண்டுவருவதற்குப் பதிலாகக் கரையோரத்திலேயே நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

2020-ல், கொரோனாவால் பயணிகள் வராத அந்த வருடம் எடுத்த கணக்கில் இந்த நீர்க்காகங்கள் 2,220, கலாபகோஸ் பென்குவின்கள் 1,940. முந்தின வருடத்தைவிட இரண்டுமே கூடியிருந்தன. முக்கியக் காரணம் லா நினாவால் கடல் குளிர்ந்து மீன் பெருகியதுதான் என்றார்கள், கூடவே கூடு கட்டும் இடங்களில் ஆள் நடமாட்டம் இல்லாததையும் சொன்னார்கள். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் மொத்த இனமே இரண்டாயிரத்துச் சொச்சம் என்னும்போது, 'நான் ஒருத்தன் பக்கத்தில் போனால் என்ன' என்ற கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருக்க வேண்டும்.

இனி கடல். மதியம் இசபெலாவின் வடமேற்கு நுனியில் புந்தா விசென்டே ரோகா. அங்கே கரையிறங்க முடியாது. பாங்காவில் பாறைச் சுவரோரம் போய், அங்கிருந்தே தண்ணீரில் இறங்க வேண்டும்.

உங்கள் வீடியோக்களில் கடல் நீலமாக, கண்ணாடி மாதிரி இருக்கிறது. மேற்குக் கலாபகோஸ் அப்படி இல்லை. பசுமை கலந்த மங்கல். ஆழத்திலிருந்து குரோம்வெல் என்ற குளிர் நீரோட்டம் கிழக்கு நோக்கி வந்து இந்தத் தீவுகளின் மேற்குப் பக்கத்தில் மோதி மேலே எழுகிறது. அது கொண்டுவரும் சத்தில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, அதனால்தான் மங்கல், அதனால்தான் மீன், அதனால்தான் பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் பென்குவின். மங்கலை எடிட்டிங்கில் நீலமாக மாற்றும்போது அந்த இடத்தின் கதையையே அழித்துவிடுகிறீர்கள். அப்புறம் குளிர். பூமத்திய ரேகைதானே என்று, குளிர் தாங்கும் வெட்சூட் உடை வேண்டாம் என்றவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். தண்ணீர் பல மாதங்களில் 20 பாகைக்கும் கீழே போகும். முகத்தில் பட்டதும் மூச்சு அடைத்துக்கொண்டு, ஸ்நார்கெல் குழாயைக் கடித்தபடி வாயால் வேகவேகமாக இழுத்து, பயந்து, தலையைத் தூக்கி, மாஸ்க்கில் தண்ணீர் போய், ஒருவரை இரண்டே நிமிடத்தில் பாங்காவில் இழுத்துப் போட வேண்டியதாயிற்று. நல்லவேளை, படகோட்டி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நீங்கள் காட்டுவதே இல்லை. தண்ணீரில் குதிக்கிற காட்சி, அடுத்த நொடி ஆமை. நடுவில் இருப்பதுதான் புதிதாகப் போகிறவருக்கு வேண்டியது. மாஸ்க்கை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் ஒட்டி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது உங்கள் முகத்துக்கு ஆகாது, வேறு கேளுங்கள். விளிம்புக்குள் முடி மாட்டினாலும் அடர்த்தியான மீசை இருந்தாலும் தண்ணீர் கசியும். இறங்கியதும் நீந்தாதீர்கள், படகின் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து மூச்சு நிதானமாகும்வரை இருங்கள். நீச்சல் தெரியாது என்றால் வெட்கப்படாமல் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், மிதவைச் சட்டை கொடுப்பார்கள். இவ்வளவுதான், சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

மூச்சு நிதானமாகிவிட்டால் மீதியைக் கடலே பார்த்துக்கொள்ளும். எனக்கு முதலில் தெரிந்தது பாறை மேல் ஒரு மேடு. அப்புறம் அது தலையைத் தூக்கியது. பச்சை ஆமை, கலாபகோஸில் இருப்பவை கொஞ்சம் கருத்தவை. பாறையில் வளர்ந்த பாசியை வாயால் கவ்வி, கழுத்தைப் பக்கவாட்டில் வெட்டி இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. அலை உள்ளே வரும்போது நான், ஆமை, பாசி எல்லாம் ஒரே பக்கம் சாய்வோம், அலை திரும்பும்போது எல்லோரும் இந்தப் பக்கம். அது சாய்வதற்கு நடுவிலும் சரியாக அதே பாசியைக் கவ்வியது, ஓட்டின் மேல் சின்ன மீன்கள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன. கண்ணுக்கு மேலே ஒரு செதில் உரிந்து தொங்கியதுவரை பார்த்தேன். அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது, மங்கலுக்குள் கண்ணுக்குத் தெரிந்த மேடுகள் எல்லாமே ஆமைகள்.

மாஸ்க் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் நிஜத்தைவிடப் பெரிதாகவும் கால்பங்கு பக்கமாகவும் தெரியும், ஒளி வளைவதால் வருகிற விஷயம் அது. அதனால் இரண்டு மீட்டரில் இருந்தாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. கேமராவுக்குத்தான் போதவில்லை. கேமராவுக்காக ஒருவர் அந்த ஆமையின் பின்னாலேயே காலில் மாட்டிய ஃபின்ஸை அடித்துக்கொண்டு போனார். அது மேயறதை விட்டுவிட்டு நகர்ந்தது, அவர் தொடர்ந்தார், அது இன்னும் வேகமாக நகர்ந்து மங்கலுக்குள் மறைந்தது. அவருக்குக் கிடைத்தது ஆமையின் பின்பக்கம். அசையாமல் மிதந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் கீழே அதே நேரத்தில் இரண்டு ஆமைகள் குறுக்கே போயின, அவர் கையில் கேமராவே இல்லை. ஆமை மூச்சுக்கு மேலே வர வேண்டிய பிராணி என்பதையும் மறந்துவிடுகிறோம். நேர் மேலே பத்துப் பேர் வட்டமாக மிதந்தால் அது எங்கே வரும்? கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, காலை மெதுவாக மட்டும் அசைத்து, ஒதுங்கி இருந்தால் அதுவே பக்கத்தில் வந்து தலையைத் தூக்கி, 'ஹா' என்று ஒரு மூச்சை இழுத்துவிட்டுப் போகும். அப்படி அதுவாக வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், ஒன்றும் செய்ய வேண்டாம். கடற்சிங்கங்களும் அப்படித்தான், இளசுகள் மூக்கு வரைக்கும் வந்து குமிழி விட்டுவிட்டுத் திரும்பும். தொடத் தோன்றும். தொடாதீர்கள். கரையோரம் குரைத்துக்கொண்டே ரோந்து வரும் பெரிய ஆண் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பென்குவின்? வந்தது. ஏதோ எறிந்த மாதிரி பக்கத்தில் போனது, நான் திரும்புவதற்குள் இல்லை. அவ்வளவுதான் என் பென்குவின் கதை. 'பென்குவினோடு நீந்துங்கள்' என்று தலைப்பு வைக்கிறவர்கள் இதையும் சொல்லிவிட்டால் புண்ணியம்.

உங்களில் சிலருக்கு முன்மாதிரி என்று ஒரு பெரிய தொலைக்காட்சித் தொடரின் காட்சி இருக்கிறது. மணலிலிருந்து வெளியே வந்த இகுவானாக் குஞ்சைப் பாம்புகள் கூட்டமாகத் துரத்துகிற, 2016-ல் உலகம் முழுக்கச் சுற்றிய அந்தக் காட்சி. அது எடுத்ததும் இதே ஃபெர்னாண்டினாவில்தான். அடுத்த வருடம் அதன் தயாரிப்பாளர் வெளிப்படையாகவே சொன்னார், ஒரே குஞ்சின் ஓட்டமாகத் தெரிவது உண்மையில் வெவ்வேறு குஞ்சுகளை எடுத்துச் சேர்த்தது என்று. சொன்னதால் அந்தக் காட்சியின் மதிப்பு ஒன்றும் குறையவில்லை, இன்றைக்கும் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். நீங்களும் சொல்லலாமே. 'இந்தப் பென்குவின் கிடைக்க நாலு தடவை இறங்கினோம்', 'இது ஜூம் போட்டு எடுத்தது', 'இந்த நீலம் நான் சேர்த்தது'. பார்க்கிறவர் அதற்காக எழுந்து போய்விட மாட்டார்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலோருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலராக ஏறியது. உடனே 'இவ்வளவு வாங்கிக்கொண்டு தள்ளி நில்லு என்கிறான்' என்ற புலம்பல் ஆரம்பித்துவிட்டது. அந்தப் பணம் தள்ளி நிற்க வைப்பதற்குத்தான். 1998-லிருந்து கடல் காப்பகமாக இருக்கும் 1,30,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் காவல் காப்பது சும்மா இல்லை. 2017-ல் ஒரு வெளிநாட்டுக் கப்பலை அந்த எல்லைக்குள் பிடித்தபோது உள்ளே 300 டன் மீன், பெரும்பாலும் சுறா. நம் காசு தீவை நமக்கு வாடகைக்கு விடவில்லை, அதைப் புரியவைக்கக் கட்டணத்தைச் சொல்லும் அதே இடத்தில் இதையும் இரண்டு வரி சேர்த்துவிட்டால் போதும்.

பழைய வீடியோக்களையெல்லாம் அழிக்கச் சொல்லவில்லை. அவற்றைப் பார்த்துத்தான் நானும் போனேன். ஆனால் கையை நீட்டியிருக்கும் அந்த முகப்புப் படங்களை மாற்றலாம், அது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. கீழே குறிப்பில் 2 மீட்டர் விதியை எழுதி, எந்தக் காட்சியில் அதைத் தாண்டினீர்களோ அந்த நிமிடத்தையும் போட்டுவிடலாம். இனிப் போகும்போது முந்தின இரவு வழிகாட்டி பேசுவதை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள். எங்கள் வழிகாட்டி பேசியது உங்கள் பின்னணிப் பேச்சைவிட நன்றாகவே இருந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கருத்துப் பகுதியில் 'தொட விடுவார்களா' என்று கேட்கிறவர்களுக்கு இதயப் படம் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் 'மாட்டார்கள்' என்று பதில் எழுதுங்கள். அப்படியே, மேற்குத் தீவுகளுக்கு ஜூலையிலிருந்து நவம்பருக்குள் போகிறவர்கள் முழுக்கை, முழுக்கால் வெட்சூட்டை, அளவு சொல்லி முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும் என்பதையும் எங்காவது எழுதிவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் பெரிய அளவுகள் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்